டீ ஆறுவதற்குள் ஓர் ஆள்

இன்று காலை, வீட்டில் பயன்படாமல் கிடந்த பழைய மானிட்டரைக் காயலான் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். எடுத்துப்போகும் முன் ஒருமுறை போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். திரையில் ஒன்றும் வரவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்து ஓட்டைகளில் இருந்து சூடேறிய தூசியின் வாசனை வந்தது. அவர் வயரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, தலைவலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நீயும் நானும் சேர்ந்து வேலை பார்த்த காலைகள் அந்த வாசனையில்தான் தொடங்கின. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்த மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். பட்டுச்சேலைக்குக் கரையும் முந்தானையும் வரைந்து கொடுக்கிற டிசைன் சென்டர். திரை முழுக்கக் கட்டங்கள். ஒரு கட்டம் என்றால் ஓர் இழை. நாம் நிறம் நிரப்பிய கட்டங்கள் அட்டையில் துளைகளாகி, அந்த அட்டை தறிக்கு மேலே ஏறி, எங்கோ யாருடைய கல்யாணத்திலோ மயிலாகவும் யாளியாகவும் நடமாடும். நான் வாலாஜாபாத்தில் இருந்து பஸ்ஸில் வருவேன். நீ இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு எனக்குப் பிறகு வருவாய்.

எட்டு மணி நேரம் மயில் கழுத்துக்கும் ருத்ராட்சத்துக்கும் கட்டம் நிரப்பினால் யாருக்கும் பைத்தியம் பிடிக்கும். உனக்குச் சீக்கிரமே பிடித்தது. ஒரு நாள் கீழ்க்கடையில் இருந்து டீ வந்ததும், செய்துகொண்டிருந்த கரையைச் சேமித்துவிட்டுப் புதிதாக ஒரு வெற்றுக் கட்டத்தாளைத் திறந்தாய். வழியில் பார்த்த ஒரு கண்டக்டரை வரையத் தொடங்கினாய். தோளில் பை, வாயில் விசில், இடுப்பை வளைத்துக் கம்பியில் சாய்ந்த நிலை. ஆறே நிறம். தறியில் அதற்குமேல் ஓடாதாம், அதனால் உன் கண்டக்டருக்கும் அவ்வளவுதான். முடித்துவிட்டு டீயைக் குடித்தாய்.

"இன்னும் சூடாத்தான் இருக்குது. தினம் இப்பிடி ஒண்ணு போடலாண்டி. டீ ஆறுறதுக்குள்ள ஒரு ஆளு. ஆறிப்போச்சுன்னா அப்பிடியே வுட்டுடணும்."

அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. சாயம் போட்ட பட்டு நூலை ஈரத்தோடு தோளில் சுமந்துபோன அம்மாள், வரதர் கோயிலில் குடை பிடிப்பவர், கைலாசநாதர் கோயிலில் வெயிலில் சிவந்துபோய் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரி, நம் முதலாளி அண்ணனே கூட. அவருடைய தொப்பையை வரைய உனக்கு நான்கு கட்டம் போதும். நானும் என் கம்ப்யூட்டரில் போடுவேன். என் ஆட்கள் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் போல விறைப்பாக இருப்பார்கள். உன்னுடைய ஆட்களுக்கு எங்கோ போகிற அவசரம் இருக்கும். "உன் ஆளுங்கள்லாம் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிக்கிறாங்கடி" என்பாய். கோபம் வரும். மறுநாள் ஒருவரையாவது ஓடவிடலாம் என்று முயன்று, கால் முறிந்தவர் போல ஒருவரை வரைந்து வைப்பேன். நீ சிரித்துத் தீர்ப்பாய்.

இனி எழுதப்போவதை நம் தொழிலில் இல்லாதவர்களுக்குப் புரியவைக்கப் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். நம் வேலையில் யாரும் எதையும் முழுதாக வரைவதில்லை. எதிரெதிரே இரண்டு அன்னம் என்றால் ஓர் அன்னம்தான் வரைவோம். கோபுரம் என்றால் பாதிக் கோபுரம். மீதியை மிரர் போட்டால் கம்ப்யூட்டரே தந்துவிடும். பாதி உருவம் திரையில் நின்றால், அது முடிந்த வேலை என்றுதான் நம் கண்ணுக்குப் படும். அதனால்தான், ஐப்பசி மழையில் ஒருநாள் நீ வரைந்த பால்காரருக்கு வலப்பக்கம் மட்டும் இருந்ததை நான் பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

"இன்னாடி, பாதி ஆளு?" என்றேன்.

நீ திரையைப் பார்த்தாய். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாய் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு, "மிரர் போட்டுக்கோ" என்றாய்.

போட்டேன். இரண்டு கையிலும் கேன் பிடித்த பால்காரர் வந்தார். அண்ணன் பார்த்துவிட்டு, "இவரு பரவாயில்லைம்மா, டபுள் டூட்டி பாக்குறாரு" என்றார். மூவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு உன் ஆட்கள் எல்லோருமே பாதியாகத்தான் வந்தார்கள். நானே எழுந்து வந்து மிரர் போடுவேன். இரண்டு இடுப்பிலும் கூடை வைத்த பூக்காரி, இரண்டு தோளிலும் துண்டு போட்ட குருக்கள். அது உன் புதிய ஸ்டைல் என்று நினைத்தோம். நீயும் அப்படித்தான் நினைத்தாயா, இல்லை நாங்கள் சிரித்ததால் சும்மா இருந்தாயா? உன்னிடம் கேட்கவே இல்லை. கேட்கும்படியான காலம் வந்தபோது அந்தக் கேள்விக்கு அர்த்தமில்லாமல் போயிருந்தது.

இடது தோளைக் கதவில் இடித்துக்கொண்டாய். டிபன் பாக்ஸில் இடப்பக்கத்துப் புளிசாதம் அப்படியே இருக்க, "போதும், தீந்துபோச்சு" என்று மூடினாய். "யாருக்குடி மிச்சம் வெக்கிற?" என்று கிண்டல் செய்தேன். தலைவலி என்றாய். எனக்கும்தான் தலைவலித்தது, நாள் முழுக்கக் கட்டத்தையே பார்ப்பவர்களுக்கு அது வராமல் இருக்குமா.

கார்த்திகையில் ஒரு பெரிய முந்தானை வேலை வந்தது. சாமி ஊர்வலம். யானை முன்னால், குடை நடுவில், மேளக்காரர்கள் பின்னால். இதில் மிரருக்கு இடமே இல்லை. யானை ஒரு பக்கம்தான் போக முடியும். நீ நாட்கணக்கில் அதில் உட்கார்ந்திருந்தாய். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லியே. யானை எங்க?" என்று கேட்டார்.

"முழுசா போட்டிருக்கேனேண்ணே" என்றாய்.

அவர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். இடது பாதி வெள்ளையாக இருந்தது. நீ மட்டும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாய். உன் முகத்தில் இருந்தது பயம்கூட இல்லை, நாங்கள் இருவரும் சேர்ந்து ஏதோ விளையாடுகிறோம் என்கிற லேசான எரிச்சல்தான். நான் உன் கையைப் பிடித்து நாற்காலியோடு உன்னை இடப்பக்கம் திருப்பினேன். அப்போதுதான் அந்த வெள்ளைப் பாதி உன் கண்ணுக்குத் தெரிந்தது. "யாருடி அழிச்சது?" என்றாய், மெதுவாக.

கண்ணாடிக் கடை, கண் டாக்டர், அங்கிருந்து சென்னை. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணில் கோளாறு இல்லை, தலைக்குள் கட்டி, அதுதான் இடப்பக்கத்தைத் தெரியவிடாமல் செய்கிறது என்றார்கள். உன் அப்பா தறியில் இருந்து எழுந்து வந்த வேட்டியோடு அந்த நடைபாதையில் நின்றார். உன் அம்மா அந்த டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுத்து எடுக்கிற இடத்தில் இல்லை, ரேடியேஷன் கரண்ட் வைத்தால் சில மாதம் தள்ளலாம் என்றார் அவர். நான் தனியாக அவர் பின்னால் ஓடிப்போய், பாதி பாதியாக வரைந்த கதையை எல்லாம் ஒப்பித்தேன். அப்போதே கூட்டி வந்திருந்தால் என்று கேட்டேன்.

"ஒண்ணும் மாறியிருக்காதும்மா" என்றார். நல்ல மனிதர். என்னைத் தேற்றத்தான் சொன்னார்.

அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. என் மேல் தப்பு என்று சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன், ஆயுசுக்கும் என்னையே திட்டிக்கொண்டு இருந்திருப்பேன். பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லாமல் செய்துவிட்டார். யார் மேலும் தப்பில்லை, யாராலும் ஆவது ஒன்றுமில்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் எங்கே போவது?

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தலைவலிக்குமே என்று உன் அப்பா தறியை நிறுத்தி வைத்திருந்தார். "ஓட்டுப்பா. சத்தம் இல்லாங்காட்டி இன்னும் பயமா இருக்குது" என்று நீதான் ஓட்டச் சொன்னாய். உன் அம்மா விளக்குப் போடாத கோயில் காஞ்சிபுரத்தில் இல்லை. நான் என்ன செய்தேன்? என்னால் ஆனது ஒன்றே ஒன்றுதான். தினமும் டீ ஆறுவதற்குள் ஓர் ஆளை வரைந்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் உன் வீட்டுக்கு வந்தேன். தாளை உன் வலப்பக்கமாகத் தள்ளிப் பிடித்தால் உனக்கு முழு உருவமும் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று என்னவோ மருந்தே கண்டுபிடித்தது போல இருந்தது எனக்கு. பஸ்ஸில் போகும்போதுதான் அது மருந்தில்லை என்பது உறைத்தது.

தை பிறந்து கொஞ்ச நாளில் வலப்பக்கமும் போய்விட்டது. அன்று நான் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நீ சுவரைப் பார்த்தபடி கையை நீட்டித் தாளைத் தடவினாய். இங்க் ஜெட் மையைத் தடவினால் என்ன தெரியும்?

"வாயால சொல்லுடி. யாரு இன்னிக்கு?"

"வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டுல பழம் விக்கிறவங்க. பச்சைப் பொடவ..."

"பொடவய அப்புறம் சொல்லு. மூஞ்சி எப்பிடி?"

"யாரையோ தேடுற மாதிரி."

"இடப்பக்கம் இன்னா இருக்குது?"

தினமும் அதைக் கேட்டாய். முழுக்கப் பார்வை போன பிறகும் உன் கவலையெல்லாம் இடப்பக்கத்தைப் பற்றித்தான். ஒரு குடை, ஒரு தூக்குவாளி, ஓர் ஆட்டுக்குட்டி என்று ஏதாவது சொல்வேன். கேட்டுவிட்டு ஆளைத் தலையிலிருந்து கால்வரை மனதுக்குள் நிறுத்திப் பார்ப்பாய். ஒருநாள் சென்டரில் கரண்ட் இல்லை. வரையாமலே வந்து ஒரு போஸ்ட்மேனைச் சொன்னேன். பாதியிலேயே நிறுத்திவிட்டாய். "கதை வுடாத. இன்னிக்கு நீ போடவே இல்ல." எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "வரஞ்சிருந்தா எதாவது ஒண்ணு கோணலா வந்திருக்கும். அத மொதல்ல சொல்லுவ" என்றாய். உன் அம்மாகூடச் சிரித்தார். அந்த வீட்டில் அந்த மாதத்தில் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மாசிக் கடைசியில் ஒருநாள், "நாளைக்கு என்னிய போடு" என்றாய்.

"உன்ன பக்கத்துல வெச்சுக்கினு எப்பிடிடி போடுறது? கை ஓடாது."

"அப்ப எப்ப போடுவ?"

நீ கேலியாகக் கேட்டாயா, நிஜமாகக் கேட்டாயா என்பதுகூட எனக்குத் தெரியாது. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. உன் தலையணையை நேராக்கினேன். அது ஏற்கனவே நேராகத்தான் இருந்தது.

மறுநாள் காலை டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நெற்றியை வரைந்தேன், சரியாக வரவில்லை, அழித்தேன். மூக்கில் இருந்து தொடங்கினேன். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. சட்டப்படி விட்டுவிட்டேன். சாயங்காலம் வந்து, வரவில்லை என்று சொன்னேன். "பரவால்ல, நாளைக்குப் பாரு" என்றாய். அப்படிச் சில நாள் போனது. பங்குனியில் ஒரு காலை அண்ணனின் டெலிபோன் அடித்தது. அவர் எடுத்துக் கேட்டுவிட்டு ரிசீவரை வைக்காமலே நின்றார். அவர் சொல்வதற்கு முன்பே நான் படிக்கட்டில் இருந்தேன். கீழே வந்த பிறகுதான், அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்து, டீக்கடை வாசலில் நின்றுவிட்டேன்.

உன் ஆட்களை எல்லாம் ஃபிளாப்பியில் ஏற்றி என்னிடம் கொடுத்தார் அண்ணன். இத்தனை வருடம் கழித்து ஒன்றுகூடத் திறக்கவில்லை. இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கிறது கம்ப்யூட்டர். ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்று அழுத்திவிட்டு எடுத்து வைக்கிறேன். தெரிந்தவர்கள் நாலைந்து பேரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பூஞ்சை பிடித்திருக்கிறது, தூக்கிப் போடுங்கள் என்றார்கள். போடவில்லை.

கல்யாணமாகி, அந்த சென்டரை விட்டு, வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து வேலை செய்கிறேன். தினமும் ஓர் ஆளைப் போடுவதை மட்டும் விடவில்லை. இதனால் என்ன லாபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முடித்ததும் வாய் தானாகச் சொல்லத் தொடங்கிவிடுகிறது. கோணலாக வந்தது எது, முகம் எப்படி, புடவை என்ன நிறம், இடப்பக்கம் என்ன. ஆரம்பத்தில் என் வீட்டுக்காரர் நான் யாருடனோ போனில் பேசுகிறேன் என்று நினைத்தார். இப்போது அந்த நேரத்தில் அவர் உள்ளே வருவதில்லை.

காயலான் கடைக்காரர் போன பிறகு, இன்று உட்கார்ந்து உன்னைப் போட்டேன். சொல்கிறேன், கேள். மூக்கு கோணல்தான், திட்டாதே. நெற்றி வந்துவிட்டது. மாம்பழக் கலர் தாவணி, ஆறு நிறத்துக்குள் அதுதான் கிடைத்தது. நிற்கவில்லை, எங்கோ கிளம்பிப் போகிறாய். வலப்பக்கத்துக் கையில் டிபன் பாக்ஸ் கொடுத்தேன். இடப்பக்கத்துக் கை வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதில் என்ன வைப்பது என்று தெரியவில்லை. டீ எப்போதோ ஆறிவிட்டது. இடப்பக்கம் என்ன என்று நீ கேட்கும் வரை உட்கார்ந்திருக்கிறேன்.