லிமாவில் சித்திரை மாதம்

திருவாரூர்
மாசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கனிமொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி இளம்பரிதி மூவரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருப்பதும் எங்களைவிடச் சுகமாக இருக்க வேண்டும். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். இந்த விஷயத்தைப் போனில் எடுத்தால் நீ அழுவாய், நான் சத்தம் போடுவேன், நடுவில் சிக்னல் போய்விடும். எழுதிக் கொடுத்தால் தம்பி படம் பிடித்து அனுப்பிவிடுவான், நீ ஆற அமர வாசி.

தை கடைசியில் பெய்த மழையில் நம் வயல் பாதி சாய்ந்துவிட்டது. அறுப்பு மிஷின் சேற்றில் இறங்காமல் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார், எப்படியோ அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் குவித்து, ஈரம் காயட்டும் என்று தார்ப்பாயை மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறார். சம்பா நிற்கும்போதே தெளித்த உளுந்து நன்றாகப் பிடித்திருக்கிறது, அது ஒன்றுதான் ஆறுதல். டிவியில் எல் நினோ என்று கேட்டதிலிருந்து, உன் மக ஊருக் கடலு சூடானா நம்ம வயித்துலல்ல அடிக்குது என்று என்னைப் பிடித்துக்கொள்கிறார். அவர் சொல்வதிலும் தப்பில்லை, அங்கே கடல் சூடேறுகிற வருஷம் பெரும்பாலும் குடகில் மழை குறைந்து மேட்டூர் திறப்பு தள்ளிப்போகிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

விஷயத்துக்கு வருகிறேன். சித்திரை பிறந்த பிறகுதான் பிரசவம் என்று உன் டாக்டர் சொல்கிறார். உன் மாமியார் அம்சம், சித்திரைப் பிள்ளை வேண்டாம், பங்குனி முடிவதற்குள் ஆபரேஷன் செய்து எடுத்துவிடச் சொல்லு என்று மகனிடம் பிடிவாதம் பிடிக்கிறார். மாப்பிள்ளை அம்மா பேச்சைத் தட்ட முடியாமல் முழிக்கிறார். நீயும் ஞாயிற்றுக்கிழமை, சரின்னு சொல்லிடவாம்மா, யார்கிட்டயும் சண்டை போடத் தெம்பில்லை என்று அழுதாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், தானாகப் பிறக்கும் என்று டாக்டரே சொல்லும்போது ஒரு மாதப் பெயருக்காக வயிற்றை அறுப்பதா, முழுதாக விளையாத பிள்ளையை வெளியே இழுப்பதா. இதில் எனக்கும் ஒரு குட்டு. ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பது வழக்கம், டீச்சர் அழைக்கலை, அதான் சித்திரையில வந்து நிக்குது என்கிறாராம். லிமாவிலிருந்து ஆடிக்கு அழைத்து வர அது என்ன நீடாமங்கலமா. மாப்பிள்ளையும் மலையிலிருக்கும் சுரங்கத்தை விட்டு லீவில் இறங்கியது அந்த மாதம்தான், யாரை என்ன சொல்ல.

சித்திரையில் பிறந்தால் அப்பன் தெருவிலே என்று சொல்லி வைத்தவர்கள் இந்த ஊர்ச் சித்திரையைப் பார்த்துச் சொன்னவர்கள். ஆறு வறண்டு, வயல் வெடித்து, கூலிவேலை இல்லாத மாதம், பச்சைப் பிள்ளை பிழைப்பதே பாடு. உன் ஊர்க் கதை வேறு, கொட்டாவி விடாமல் கேள். பூமத்திய ரேகைக்கு வடக்கே நாம் எவ்வளவு தள்ளியிருக்கிறோமோ கிட்டத்தட்ட அவ்வளவு தெற்கே தள்ளியிருக்கிறது லிமா. இப்போது மாசியில் உன் உச்சிக்கு மேலே நிற்கிற சூரியன் அந்த ரேகையைத் தாண்டி நகர்ந்து சித்திரையில் என் உச்சிக்கு வந்துவிடும், எனக்கு வெயில் ஏற ஏற உனக்கு இறங்கும். அதோடு உன் ஊர்க் கடலில் தெற்கிலிருந்து குளிர்ந்த நீரோட்டம் கரையை ஒட்டியே ஓடுகிறது, அதன்மேல் வரும் காற்றும் குளிர்ந்து கனத்துத் தாழவே கிடக்கும், மேலே எழும்பினால்தானே மழை. மாதக்கணக்கில் வானம் மூடியே கிடக்குது, ஆனா குடை வாங்க ஆளில்லை என்று நீ சொன்னது இதனால்தான். அந்தப் பக்கம் அமேசான் காட்டிலிருந்து வருகிற ஈரத்தை ஆண்டிஸ் மலை மறித்து அங்கேயே கொட்டவைத்துவிடும். நம் ஆடிக் காற்றும் அப்படித்தான், மழையை மலைக்கு அந்தண்டை கேரளத்திலும் குடகிலும் இறக்கிவிட்டு இங்கே மண்ணை வாரிக்கொண்டு வெறுங்கையோடு வரும், நமக்கு மழை ஐப்பசியில் வங்காள விரிகுடாவிலிருந்துதான். மாப்பிள்ளையின் சுரங்கமும் உன் நாட்டில்தான் இருக்கிறது, ஆனால் உயரம், குழாயில் தண்ணீர் உறைகிறது என்கிறார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பர்வின் டீச்சர் மகன் நார்வேயில் துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிறான், அங்கே வெந்நீரோட்டத்தால் துறைமுகம் உறையாமல் கப்பல் போகிறதாம், அதைவிடத் தெற்கே, கடல் எட்டாத சைபீரியா நடுவில் ஆறு கல்லாகிவிடுகிறது. சூரியன், கடல், காற்று, மலை எல்லாம் சேர்ந்துதான் ஒரு ஊரின் சித்திரையைச் சமைக்கின்றன.

இதையெல்லாம் அம்சத்திடம் நேரில் சொல்லிவிடுவது என்று தம்பியின் உலக உருண்டையை எடுத்துக்கொண்டு புதன்கிழமை மயிலாடுதுறைக்குப் பஸ் ஏறினேன். உலகத்துக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கணும் டீச்சர் என்று கண்டக்டர் கேலி பண்ணினார். அம்சம் காபி கொடுத்து உட்காரவைத்தார், நான் உருண்டையைச் சுற்றிச் சுற்றி வகுப்பு எடுத்தேன். குடகுல பேஞ்சா நமக்குத் தண்ணி, அங்கயும் மலைத்தண்ணியத்தான் குடிக்கிறாங்களா என்று கேட்டார், ஆமாம் என்றேன். கெட்டிக்காரிதான், விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார், எனக்குச் சாஸ்திரமெல்லாம் தெரியாது டீச்சர், உங்க மாப்பிள்ளை செழியனுக்கு முன்னால ஒரு பையன் சித்திரையில பொறந்தான், கூரை வூடு, கத்திரி வெயிலு, உடம்பு கொதிக்குது, ஈரத்துணிய மாத்தி மாத்திப் போடுறேன் போட்ட கையோட காஞ்சி போவுது, பேரு வைக்கறதுக்குள்ள போயிட்டான், ஆடியில ஒழுங்கா அம்மா வூட்டுல இருந்திருந்தா இது வந்திருக்குமான்னு ஊரே என்னைக் கேட்டுச்சுங்க என்றார்.

கனி, அந்தம்மாவைத் திட்டித் தீர்த்துவிட வேண்டும் என்று போனவள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்புறம் அவராகவே, அங்க சித்திரையில ராத்திரிக்குப் போர்வை வேணுமா என்று கேட்டார். மெல்லிசா ஒண்ணு வேணும் என்றேன். நிஜமாவா என்று இன்னொரு தடவை கேட்டார். நிஜமாகத்தான் என்றதும், அப்ப வயித்தக் கீற வேணாங்க, அது நேரத்துக்கு அது வரட்டும், செழியன்கிட்ட நானே சொல்லிடுறேன் என்றார்.

அதனால் நீ தைரியமாக இரு. பிள்ளைக்கோ உனக்கோ ஆபத்து என்று டாக்டர் சொன்னால் எந்த நாளானாலும் சரி என்று சொல், நாளுக்காக மட்டும் வேண்டாம். இரும்பு மாத்திரையை மறக்காதே, உச்சி வெயிலில் மாடியில் நிற்காதே. எனக்கு விசா வைகாசியில்தான் கிடைக்கும் போலிருக்கிறது, பிரசவத்துக்குப் பக்கத்தில் இல்லாமல் போகிறேனே என்று தவிக்கிறேன், ஆனாலும் வந்து சேர்ந்துவிடுவேன். மூத்த பிள்ளை கதையை மாப்பிள்ளையிடம் நீயாக எடுக்காதே, அது அவர் அம்மா சொல்ல வேண்டியது. நீயும் பிள்ளையும் நோய் நொடியில்லாமல் நூறாண்டு வாழ அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். பிள்ளை பிறந்ததும் முதல் போன் எனக்குப் போடாதே. எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். மயிலாடுதுறைக்குப் போடு. ஆணா பெண்ணா என்று சொல்வதற்கு முன்னால், பிள்ளைக்குப் போர்வை போத்தியிருக்கோம் அத்தை என்று சொல்.

உன் அம்மா,
ரெ. செந்தாமரை