ஷைனியின் பெயர்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மத்தியானம் மகள் ஜெனியோடு டிவியில் ஒரு படம் பார்த்தேன். அதில் வரும் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, "உன்னை மட்டும்தான் நம்புகிறேன்" என்று சொல்லி மற்றவர்களை வேவு பார்க்க வைக்கிறாள். பாவி என்று திட்டினேன். ஜெனிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஜெனி என் வகுப்பில்தான் படிக்கிறாள், ஒன்பதாம் பி. அங்கே பேசுகிறவர்கள் பெயரை எழுதித் தர நான் மூன்று பேரை வைத்திருக்கிறேன். ஒருத்தி எழுதுவது மற்றவளுக்குத் தெரியாது என்று இன்றுவரை நம்பியிருந்தேன்.

"எம்மா, மூணு பேரும் ஒண்ணா இருந்துதான் எழுதுவாளுவ. யாரு பேரு வரணும்னு கிளாஸே முறை வச்சிருக்கு."

"அப்போ ஷைனி பேரு மட்டும் தெனமும் வருதே?"

"அவ கெஞ்சிக் கேட்டு வாங்குதா. பேரு வந்தா நீ வெளிய நிப்பாட்டிருவேல்லா? ஒனக்க கணக்கு கிளாஸுல இருக்கதுக்கு வேப்பமரத்தடி எவ்வளவோ கொள்ளாமாம்."

"ஏட்டி, இத முன்னாடியே சொன்னா என்ன?"

"சொல்லப்பிடாதுன்னு எல்லாரும் சத்தியம் பண்ணியிருக்கோம். நான் சொன்னேன்னு கிளாஸ்ல காட்டிராதம்மா. என்ட்ட ஒருத்தியும் பேசமாட்டா."

நாளைக் காலை ஷைனியின் அம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன். கொட்டாரம் ஊரில் இருக்கும் தன் கடையை அடைத்துவிட்டு வருகிறார். உங்கள் மகள் வாயாடி என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். இனி அதைச் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் ஜெனி மாட்டிக்கொள்வாள், நானும்தான். அந்தப் பிள்ளையைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லி அனுப்பலாம் என்று இவ்வளவு நேரம் யோசித்தேன். ஷைனியின் குரல் எப்படியிருக்கும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.