நமுபிரு நின்றே பேசட்டும்

என்னங்க, மட்டோக்கே வாழைக்காய் இலைக்குள் வெந்துகொண்டிருக்கிறது, அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருமகள் நமுபிருவைக் காது டாக்டரிடம் அழைத்துப் போகிறேன்.

நேற்று உங்கள் அக்கா, "பெரியவங்க முன்னாடி வழக்கப்படி மண்டிபோட்டு வணக்கம் சொல்லாம நிக்கிறாளே, இவ என்ன மகாராணியா?" என்றபோது நீங்கள் வாயே திறக்கவில்லை. நமுபிருதான் சிரித்தாள்: "நான் குனிஞ்சா வீடே சுத்துது அத்தை. நீங்களும் சேர்ந்து சுத்துவீங்க, பரவாயில்லையா?"

வருஷக்கணக்கான தலைசுற்றல். ரத்தக்குறைவு, பயம் என்று நாம் ஏதேதோ சொன்னோம். இடப்பக்கம் திரும்பினால்தான் சுற்றுகிறது என்று கவனித்தவள் அவளே. அதைக் கேட்டதும்தான் போன தடவை டாக்டர், "காதுக்குள்ளதான் கோளாறு. தலையைச் சாய்ச்சுத் திருப்பிச் சரிபண்ணிப் பார்க்கலாம்" என்றார். எப்பேர்ப்பட்ட பெண்!

பி.கு.: அக்கா இன்றும் வருவார். குணமானாலும் ஆகாவிட்டாலும் நமுபிரு வந்ததும், அக்கா சொன்னதற்காகவே மண்டியிடப் பார்ப்பாள். அக்கா எதிரிலேயே, "நின்னே பேசும்மா" என்று சொல்லுங்கள். நேற்றைய கோபத்தை நானும் விட்டுவிடுகிறேன்.