முதல் பயிற்சியாளர் என்ற இடத்தில் என் பெயர்

நவ. 3, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். கா. 6 மணி ஷிப்ட். துறைமுக யார்டில் தண்ணீர் தேங்கி பூட்ஸுக்குள் புகுந்துவிட்டது. நாற்பத்தொரு கன்டெய்னருக்கு சீல் நம்பர் சரிபார்த்தேன். ஒன்றில் தப்பாக எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்த்தார்.

வாங்க வேண்டியது: பல்வலி மாத்திரை. மின்விசிறிக்கு கண்டன்சர். சுகந்திக்கு மழைக்கோட்டு (கல்யாணமானதிலிருந்து கேட்கிறாள், இந்த வருஷமாவது).

பதினோரு மணிக்கு டைட்டஸ் போன். எங்கள் ஊர் அலைமுத்து கால்பந்துக் கழகத்தின் செயலாளர். நான் மேனேஜராக இருந்த காலத்தில் கோல் காத்த பொடியன், இப்போது மீசை வைத்திருக்கிறான். மூச்சு வாங்கப் பேசினான்.

"ரெக்ஸண்ணே, நம்ம கஸ்பார் அண்ணாச்சி மவ மெர்லின் இருக்காள்ளா, ஆஸ்திரேலியா டீமுக்கு எடுத்துட்டாவ. கிளப்பு டீமு இல்ல, நாட்டு டீமு. வெள்ளிக்கிழம மேட்ச். லிங்க் அனுப்பிருக்கேன், பாருங்க."

பார்த்தேன். இருபத்து மூன்று பெண்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஆடும் இடம், இப்போதைய கிளப், சிறு வயதில் ஆடிய ஜூனியர் கிளப். அந்த ஜூனியர் கிளப் பெயர்களில் பாதியை எனக்கு வாசிக்கவே வரவில்லை. நகரத்து ஓரங்கள், சுரங்க ஊர்கள், கோதுமை விளைகிற ஊர்கள். மெர்லின் பதினேழாவது. இடது ஓரம். ஜூனியர் கிளப்: அலைமுத்து, தூத்துக்குடி மாவட்டம், இந்தியா. அதற்குக் கீழே முதல் பயிற்சியாளர். அந்த இடத்தில் என் பெயர்.

நான் கூச்சல் போடுவேன் என்று டைட்டஸ் காத்திருந்தான். "நெட்டு சரியில்லடே, வீட்டுக்குப் போய்ப் பாக்கேன்" என்று வைத்துவிட்டேன். நெட் நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பிள்ளையை ஊர் முன்னால் காட்டிக்கொடுத்தவன் நான். இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை.

நவ. 4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். பல் இன்னும் விண்விண் என்கிறது. மாத்திரை வாங்க மறந்தாச்சு.

பஸ்ஸில் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மீன் ஏலக் கூடத்துக்குப் பக்கத்தில் ப்ளக்ஸ் கட்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சின் பங்கு மண்டபத்தில் பாராட்டு விழா. ப்ளக்ஸில் மெர்லின் படத்தைவிட என் படம் பெரிது. தலையைக் குனிந்துகொண்டே கடந்தேன். "பாத்தியா, எவ்வளவு தன்னடக்கம்" என்று பின்னால் ஒரு குரல். செருப்பால் அடித்தால்கூட இப்படி உறைத்திருக்காது.

எங்குமே எழுதாததை இந்த நோட்டிலாவது எழுதி வைக்கிறேன்.

பதின்மூன்று வருஷம் முன்னால். திருவிழாவை ஒட்டி நடக்கும், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கான போட்டி. ஆட்டங்கள் பக்கத்து ஊர் மைதானத்தில். எங்கள் கரையில் இதற்கு வயதுச் சான்று என்றால் ஞானஸ்நானச் சீட்டுதான். அதில் போட்டோ கிடையாது. பெயர், தேதி, ஞானப்பெற்றோர் பெயர், சாமியார் கையெழுத்து. அவ்வளவுதான்.

எங்கள் இடது ஓரத்து ஆட்டக்காரன் கஸ்பார் அண்ணாச்சி மகன் பிரைட்டன். போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் அவனுக்கு அம்மை போட்டுவிட்டது. அவன் தங்கை மெர்லினுக்குப் பதினொரு வயது. கடற்கரையில் தினமும் எங்களோடு பந்து விளையாடுவாள். அண்ணனைவிட இரண்டு மடங்கு ஆட்டக்காரி. அந்த வருஷம் வேளாங்கண்ணி நேர்ச்சைக்கு இரண்டு பேருக்கும் மொட்டை போட்டு, முடி அப்போதுதான் முளைத்திருந்தது. ஒரே முகச்சாடை.

"அண்ணன் சீட்ட எடுத்துட்டு வா. அவன் பேர்ல ஆடு." சொன்னது நான். யோசனை முழுக்க என்னுடையது.

மூன்று ஆட்டம், ஐந்து கோல். ஸ்கோர் நோட்டில் எல்லாம் பிரைட்டன் பேரில்.

இறுதி ஆட்டத்தன்று காலை எனக்குப் பயம் வந்துவிட்டது. அவளை வலைக்கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தேன். "எவன் கேட்டாலும் நான்தான் எடுத்துட்டு வந்தேன், ரெக்ஸ் அண்ணனுக்குத் தெரியாதுன்னு சொல்லணும். கடைசி வரைக்கும் மாத்தப்படாது."

"பொய் சொன்னா பாவமில்லையாண்ணே?"

"கிளப்புக்காகச் சொன்னா பாவமில்ல."

பயந்தபடியே எதிர் அணிக்காரன் கண்டுபிடித்துவிட்டான். மேனேஜருக்குத் தெரிந்து நடந்திருந்தால் கிளப்புக்கு மூன்று வருஷம் தடை. தெரியாமல் நடந்திருந்தால் ஆளை மாற்றிவிட்டு ஆடலாம். நடுவர் என்னிடம் கேட்டார். "பிரைட்டன்னுதான் நெனச்சேன், என்ன ஏமாத்திட்டா" என்றேன். அவளைக் கேட்டார்கள். சொல்லிக்கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

கஸ்பார் அண்ணாச்சி கப்பலிலிருந்து லீவில் வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. கூட்டத்தில் நின்றார். இறங்கி வந்து எல்லார் முன்னாலும் அவள் கன்னத்தில் அறைந்தார். அத்தோடு விடவில்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார். அவள் கேட்டாள்.

"சரி, போ" என்றேன் நான்.

ஒன்றுக்குப் பூஜ்யம். ஜெயித்தோம். கப் இன்னும் கிளப் அலமாரியில் இருக்கிறது. படத்தில் நான் அதைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறேன். அடுத்த வருஷம் அண்ணாச்சிக்கு பெர்த் துறைமுகத்தில் இழுவைப் படகு வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்கள்.

நவ. 5, புதன்

மாத்திரை வாங்கியாச்சு. கண்டன்சர் வாங்கியாச்சு. மழைக்கோட்டு இல்லை.

டைட்டஸ் வீட்டுக்கே வந்துவிட்டான். ஆஸ்திரேலிய அணியிலிருந்து மெயில். முதல் பயிற்சியாளர் ஒரு நிமிஷம் பேசி வீடியோ அனுப்ப வேண்டுமாம்.

சுகந்தி போனைப் பிடித்தாள். ஆறு முறை எடுத்தோம். "மெர்லின் சின்ன வயசுல..." என்பதைத் தாண்டி வாய் வரவில்லை.

"கொஞ்சம் சிரிங்க. எழவு வீட்டுல நிக்க மாதிரில்லா நிக்கீங்க."

அவள் குசினிக்குள் போனதும் டைட்டஸிடம் மெல்லக் கேட்டேன், அந்த இறுதி ஆட்டத்தன்று நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று.

"எல்லாம் ஞாபகம் இருக்குண்ணே. அன்னைக்கு ஆடுன ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். நீங்க ஏன் கெடந்து கிண்டுதீங்க?"

பத்துப் பன்னிரண்டு பொடியன்களுக்குப் பொய்யைப் பழக்கிவிட்டு, அதற்கு ஒற்றுமை என்று பெயரும் வைத்திருக்கிறேன். வீடியோ அனுப்பவில்லை. பல்வலி என்று சொல்லச் சொன்னேன். அதுவாவது பாதி உண்மை.

நவ. 6, வியாழன்

நல்ல மழை. லீவு போட்டேன்.

சுகந்தி சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணம் ஆகிப் பத்து வருஷம், இதை மட்டும் சொன்னதில்லை. அவள் கை நிற்கவில்லை. செதிலை உரசிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பெறகு எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க?"

தண்ணீரை மாற்ற எழுந்துபோய்விட்டாள். சாப்பிடும்போது எனக்கு எப்போதும்போல் இரண்டு மீன் கூட வைத்தாள். அதைச் சாப்பிடவும் வெட்கமாக இருந்தது. சாப்பிட்டேன்.

கஸ்பார் அண்ணாச்சி ஊருக்கு வந்திருக்கிறாராம். தங்கை மகள் கல்யாணம், முன்பே போட்ட டிக்கெட். மகளுடைய முதல் ஆட்டத்தை இங்கிருந்துதான் பார்க்கப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொன்னாடை போர்த்தப் போவதும் அவர்தான்.

நவ. 7, வெள்ளி

வானம் வெளுத்திருந்தது. ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம். பங்கு மண்டபத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி ப்ரொஜெக்டர். ஊரே அங்கேதான். கடலுக்கு ஒரு வள்ளம்கூடப் போகவில்லை.

பின்வரிசையில் உட்காரப் போனேன். விடவில்லை. அண்ணாச்சி பக்கத்தில் கொண்டுபோய் உட்கார்த்தினார்கள். தலை முழுக்க நரைத்துவிட்டது அவருக்கு. என் கையைப் பிடித்தவர் ஆட்டம் முடியும்வரை விடவில்லை.

முதல் பாதியில் அவள் பெஞ்சில். அண்ணாச்சி பேசிக்கொண்டே இருந்தார். நினைவிலிருந்து:

- பெர்த் போய் ஆறு மாசம் அவள் பந்தையே தொடவில்லை.
- பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்திதான் பக்கத்து ஜூனியர் கிளப்பில் சேர்த்துவிட்டது. சனிக்கிழமை காலை ஆட்டம். இடைவேளைக்கு ஆரஞ்சு நறுக்கிக்கொண்டு போவது பெற்றோர் முறை. இவர் முறைக்கு உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொண்டுபோனாராம். பிள்ளைகள் துப்பிவிட்டார்கள்.
- மாநில அணியில் இரண்டு தடவை கழித்துவிட்டார்கள். மூன்றாவது தடவை எடுத்தார்கள்.
- பத்தொன்பது வயதில் முட்டி ஆபரேஷன். பத்து மாதம் படுக்கையும் பயிற்சியும்.
- பிறகு லீக் கிளப். ஞாயிறு தவறாமல் ஆட்டம். இப்போது இது.

"ஒண்ணு சொல்லட்டா ரெக்ஸு, எந்தக் கிளப்புல ஃபாரம் நெரப்புனாலும் சீட்டுல தன் பேருதான் இருக்கான்னு ரெண்டு தடவ பாப்பா. இப்பமும் பாக்கா. பழைய பயம்." சிரித்தார்.

நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எழுபத்தோராவது நிமிஷம் இறக்கினார்கள். மண்டபம் இரண்டுபட்டது. இடது ஓரத்தில் பந்தை வாங்கி, நின்று, ஒருத்தியை வெட்டிக்கொண்டு உள்ளே போனாள். பதினொரு வயதில் கடற்கரை மணலில் வெட்டிய அதே வெட்டு. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் நிச்சயமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. கோல் இல்லை. ஒன்றுக்கு ஒன்று.

அண்ணாச்சி அழுதார். என் காதருகே வந்து சொன்னார்.

"அன்னைக்கு ஊருக்கு மத்தியில ஒன் பேரக் கெடுத்துட்டா. நீ அத மனசுல வைக்கல. மொத கோச்சு யாருன்னு கேட்டதுக்கு அவ ஒன் பேரச் சொன்னாளாம். ஒனக்குச் செஞ்ச துரோகத்துக்கு ஈடா இருக்கட்டும்னு நெனச்சிருப்பா. நான் அவளுக்காக மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்டே."

எழுதும்போதே கை கூசுகிறது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சத்தம் அதிகம், கூட்டம், அவர் அழுகிறார் என்று மூன்று சாக்கு. "அப்பிடிலாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றேன். அதையும் அவர் பெருந்தன்மை என்றுதான் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் இன்னொன்று தோன்றியது. அன்றைக்கு அந்த அவமானம் நடந்ததால்தானே குடும்பத்தோடு போனார்கள், போனதால்தானே இந்த அணி. அப்படிப் பார்த்தால் நான் செய்தது நல்லதுக்குத்தான். பத்தடி தூரம் அதை நம்பியும் நடந்தேன். எவ்வளவு கேவலமான ஆள் நான்.

நவ. 8, சனி

வாடைக் காற்று. மழை இல்லை. சட்டை தேய்த்தாச்சு. எதற்கு என்று தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணாச்சியின் தங்கை வீட்டுக்குப் போனேன். சுகந்தி வாசல்வரை வந்தாள். காலர் மடிப்பைச் சரிசெய்துவிட்டாள்.

அண்ணாச்சி கட்டிலில் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்து, காப்பி போடச் சொன்னார். காப்பி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொன்னேன். சீட்டு எடுத்து வரச் சொன்னது, வலைக்கொட்டகை, பொய் சொன்னால் பாவமில்லை என்றது, "சரி, போ" என்றது. எதையும் விடவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தரையில் ஒரு கறுப்புச் சதுரக் கல், ஓரம் உடைந்தது. அதைப் பார்த்துச் சொன்னேன்.

காப்பி வந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"அன்னைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தும் அடிச்சேன்" என்றார். "பெல்ட்டால."

அது எனக்குத் தெரியாது. பதின்மூன்று வருஷமாக ஒரு அறை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். அங்கே சாயங்காலம் கழிந்திருக்கும்.

"ஏளா, சாப்ட்டியா?"

"இனிமேத்தான்ப்பா. முட்டிக்கு ஐஸ் வச்சிருக்கேன். மண்டபத்துல பாத்தீங்களாமே, டைட்டஸ் வீடியோ அனுப்புனான்."

"பாத்தோம். ஒண்ணு கேக்கேன், உள்ளதச் சொல்லு. அன்னைக்கு அண்ணன் சீட்ட எடுத்துட்டு வந்து ஆடுன்னு ஒனக்குச் சொன்னது யாரு?"

அந்தப் பக்கம் யாரோ இங்கிலீஷில் பேசும் சத்தம். பிறகு கதவு சாத்தும் சத்தம்.

"எதுக்குப்பா இப்பம் அதெல்லாம்?"

"சொல்லு."

"நான்தான் எடுத்துட்டு வந்தேன். ரெக்ஸ் அண்ணனுக்குத் தெரியாது."

எழுத்துப் பிசகவில்லை. இருபத்து நாலு வயது. நேற்று ஒரு நாட்டுக்காக ஆடியவள்.

அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. போனைக் கட்டிலில் எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார்.

"மெர்லின், ரெக்ஸ் பேசுதேன். இங்கனதான் இருக்கேன். அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், மக்கா."

லைன் போய்விட்டதோ என்று அண்ணாச்சி குனிந்து பார்த்தார். பிறகு குரல் வந்தது. என்னிடம் பேசவில்லை, அவரிடம்தான் கேட்டாள்.

"அப்பா, அப்பம் இனிமே நான் உள்ளதச் சொல்லலாமா?"