மூன்றாம் நம்பர் கேமரா

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் அம்மாவும் சௌக்கியம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய், போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், இது அவள் காதில் விழக்கூடாத விஷயம்.

கடை வளாகத்தில் எனக்கு அதே கேமரா அறை வேலைதான், எட்டுத் திரை, ஒரு நாற்காலி. ரிப்போர்ட் நோட்டில் எழுத நீ கிளம்பும் முன் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாயே, ‘சீன்’ என்றால் கண்ணில் பட்டது, ‘வாட்ச்டு’ என்றால் கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது, ‘நோட்டீஸ்டு’ என்றால் கண்ணில் பட்டது மனதிலும் பட்டது என்று. நோட்டீஸ் சுவரில் ஒட்டுவதுதானே என்று நான் கேட்க நீயும் அம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். அது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை, எல்லாவற்றுக்கும் ‘சீன்’ போட்டே காலத்தை ஓட்டினேன்.

போன மாதம் மூன்றாம் நம்பர் கேமராவில், லிஃப்ட் பக்கத்துப் பெஞ்சில், தினம் நாலு மணிக்கு ஒரு பெண் வந்து உட்காருவாள். அந்தப் பழைய திரையில் எல்லாத் துணியும் ஒரே சாம்பல் நிறம், மேலிருந்து பார்த்தால் தலை வகிடும் மடியில் பையும்தான் தெரியும். எதுவும் வாங்கமாட்டாள், ஐந்து மணிக்கு எழுந்து போய்விடுவாள். பதினோரு நாள் ‘சீன், ஒரு பெண், தனியாக, பிரச்சினை இல்லை’ என்று எழுதினேன். பன்னிரண்டாம் நாள் அவள் செருப்பைக் கழற்றி இடது குதிகாலைத் தேய்த்துவிட்டாள். முப்பது வருஷமாகப் பார்க்கிற தேய்ப்பு, உன் அம்மா.

வீட்டுக்குப் போய், கடைப் பக்கம் வந்தாயா என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். துணி மடித்துக்கொண்டே சொன்னாள், “தினமும்தான் வரேன். மூணாம் நம்பர் கேமராதான் உங்க நாற்காலிக்கு நேரா இருக்குன்னு சொன்னீங்களே. வீட்ல சத்தமே இல்ல, அங்க வந்தா நீங்களாவது பாத்துட்டிருப்பீங்கன்னு உக்காந்திருப்பேன்.” பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்லிவிட்டேன். கண்ணு, நீ போனபின் ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகக் கிடந்திருக்கிறோம், இதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு யார். சூப்பர்வைசரிடம் கேட்டு டீ நேரத்தை நாலு மணிக்கு மாற்றிக்கொண்டேன், இறங்கிப் போய் அவள் பக்கத்தில் உட்காருகிறேன், பேச்சு அதிகமில்லை.

நீ வீடியோவில் வரும்போது பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுகிறாய், தப்பில்லை, உன் வேலை அப்படி. ஆனால் நீயும் அவளைத் திரையில்தான் பார்க்கிறாய். அடுத்த தடவை கொஞ்சம் உட்கார்ந்து பார், அம்மா இளைத்திருக்கிறாளா என்று எனக்கு எழுது, என் கண்ணை இனி நான் நம்புவதாக இல்லை.

நினைத்ததெல்லாம் கைகூடி நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள், குளிர் உனக்கு ஆகாது. அந்தப் பதினோரு நாளைப் பற்றி மட்டும் அம்மாவிடம் மூச்சு விடாதே. மணி நாலாகப் போகிறது, அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள், நான் இறங்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா