அப்பாவின் மாத்திரை

ஜோகுபாளையம்,
பெங்களூரு.
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நிக்கோலுக்கு,

டப்ளினில் நீ சுகமாயிருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு அம்மா எழுதுகிறேன். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. அதனால் கைப்பட எழுதி, உன் தம்பி டிரேவரிடம் இதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று பூசை முடிந்து அல்சூர் மார்க்கெட் பக்கம் நடந்து வரும்போதுதான் கறுப்பாக வாந்தியெடுத்து விழுந்தார். வயிற்றுக்குள் குழாய் விட்டு, ரத்தம் கசிந்த புண்ணை அடைத்தார்கள். ரத்தமும் ஏற்றினார்கள். இப்போது கஞ்சி இறங்குகிறது. முகம்தான் இன்னும் வெளிறிக் கிடக்கிறது.

முழங்கால் வலிக்கு நீ சொன்ன மாத்திரையால் வந்த புண் என்று தெரிந்ததும், "நர்ஸா இருந்துக்கிட்டு நானே அப்பாவக் கொல்லப் பாத்தேன்டா" என்று டிரேவரிடம் அழுதாயாம். டூட்டிக்கும் போவதில்லையாமே?

டாக்டர் தர்ஷினியிடம் நான் நேராகவே கேட்டேன். அந்த மாத்திரை வயிற்றின் காப்பைக் குறைத்துவிடுமாம். கிருமியோடு சண்டை போடவேண்டிய வெள்ளை அணுக்கள் அங்கே நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவரில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, ரத்த ஓட்டத்தை அடைத்து, சொந்த இடத்தையே புண்ணாக்குமாம். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை என்றார். நீ ஒரு வாரத்துக்குத்தான் சொன்னாய். குருத்தோலைப் பவனியில் நடந்தே தீரவேண்டும் என்று மாதக்கணக்கில் விழுங்கியவர் அவர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். கேட்டால், "கேஸ்தான் டோரீன், சும்மா இரு" என்பார். பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை. அத்தனை தூரத்தில் இருக்கும் உனக்கு எப்படித் தெரியும்?

இப்போது கவலை வேறு. புண் ஆறுவதற்குக் கொடுத்த மாத்திரையை அவர் தொடமாட்டேன் என்கிறார். விட்டால் மறுபடியும் ரத்தம் கசியும் என்று டாக்டர் எச்சரித்தார். நான் கெஞ்சினேன், டிரேவர் கத்தினான். "எம்மக நர்ஸு. அவளக் கேட்டுட்டுதான் போடுவேன்" என்று டாக்டரிடமே சொல்லிவிட்டார். போனைத் தலையணையோரம் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். அது அடிக்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறார்.

கூப்பிடு, கண்ணு. அழுகை வந்தால் அழு, அவர் காத்திருப்பார். "போட்டுக்கோங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நோயாளிகளைத் தொடும் உன் கைகளை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

உன் அம்மா,
டோரீன்