ஆமை புகுந்த வீட்டிலிருந்து

என் செல்லமே, ஏளா டெல்பி,

முதலில் நல்ல செய்தி. உன் ஆமை, கேப்டன், உயிரோடுதான் இருக்கிறது. நான் தொட்டிப் பக்கம் போனாலே கழுத்தை நீட்டி எனக்குப் பின்னால் நீ வருகிறாயா என்று பார்க்கிறது. "அதுக்குத் தீனிலதான்க்கா குறி" என்பாய், தெரியும். எனக்கு அப்படித் தோன்றுகிறது, விடு.

துறைமுகத்தில் நாள் முழுக்க லாரிக்காரர்களோடு கத்திவிட்டு வருகிறவள், இப்போது செருப்பைக் கழற்றும் முன்னே அதைத்தான் பார்க்கிறேன். உன் கை பட்டு வளர்ந்தது இந்த வீட்டில் அது ஒன்றுதானே.

கோயிலில் உன் ஆத்மாவுக்கு வைத்த பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்த சனம் சும்மா இருந்ததா? "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அம்மா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டாள். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது, பழி ஆமை மேல் விழுந்தது. அதற்குப் பிறகு அம்மா அந்தத் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமா பாவம், நல்ல மனசு. ஆமை வாடிக் கிடக்கிறதென்று கேள்விப்பட்டு, போட்டிலிருந்து இறங்கிய கையோடு இரண்டு கேன் கடல் தண்ணீர் கொண்டுவந்துவிட்டார். "கடல் பிராணிய குழாத் தண்ணியில போட்டா எப்படிளா இருக்கும்?" என்று மடமடவென்று ஊற்றினார். கேப்டன் கல்மேல் ஏறியது, இறங்கவே மாட்டேன் என்றது. நான் போட்ட சத்தத்தில் மனுஷன் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். நம் ஆட்களுக்கு ஆமை என்றால் கடலாமைதான், வேறென்ன தெரியும்?

பிறகுதான் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓடு மெத்தென்று ஆகிவிட்டதாம். நீ ஜன்னலோரம் வைத்தாயே, கண்ணாடி வழியாக வருகிற வெயில் ஓட்டுக்கு உதவாதாம். நேர் வெயில் படவேண்டும், சூடு தாங்காவிட்டால் ஒதுங்க நிழலும் இறங்கத் தண்ணீரும் வேண்டும். காய்ந்த கூனி இறால் மட்டும் போட்டால் போதாது, ஆமைத் தீனியும் கீரையும் கொடு என்றார். நீ இருந்திருந்தால் உன்னை ஒரு பிடி பிடித்திருப்பேன். இப்போது குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் மூடாமல் வைத்து, மருந்து வாடை போனபின்தான் தொட்டியில் விடுகிறேன். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். நீ எங்கே கழுவினாய்? அதே கையால் முறுக்கு தின்பாய், கழுதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வாளியோடு வாசலில் நின்றாள். உள்ளே கேப்டன்.

"கடல்ல விட்டுட்டு வாரேன். எங்கன இருந்து வந்துச்சோ அங்கனயே போவட்டும்."

"அது காலப் பாரும்மா. துடுப்பா இருக்கு? நகம்லா இருக்கு. இது நல்ல தண்ணி ஆமை. உப்புத் தண்ணியில விட்டா செத்துப்போவும்."

"சாவட்டும். எம்பிள்ள செத்தாள்லா?"

வாளியைப் பிடித்துக்கொண்டேன். அவளும் விடவில்லை. ஆற்றிலாவது விடுகிறேன் என்றாள். இது நம் ஊர் ஆமையே இல்லை, ஆற்றில் விடக் கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அப்போதுதான் அழுதாள், உன் அடக்கத்தன்று ஒரு சொட்டு விடாதவள். "அவ போயிட்டா. இது மட்டும் எப்படிளா உசிரோட இருக்கு?" என்று கேட்டாள். எனக்குள்ளும் அதே கேள்விதான் கிடக்கிறது. வாளியை வாங்கி உள்ளே கொண்டுபோனேன். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

நேற்று வேலை சீக்கிரம் முடிந்து வந்தேன். தொட்டி காலி. ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்கு ஓடலாமென்று திரும்பியவள், மாடியில் அம்மா குரல் கேட்டு ஏறினேன். துணி ஊறவைக்கிற பெரிய பேசினில் பாதி தண்ணீர், நடுவில் ஒரு செங்கல், அதன்மேல் கேப்டன் நாலு காலையும் பரப்பி வெயில் காய்கிறது. டாக்டர் சொன்னதை நான் மாமாவிடம் போனில் சொன்னபோது அம்மா காது கொடுத்திருக்கிறாள். பேசினில் பாதிக்கு நிழல் விழும்படி குடையைப் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நிற்கிறாள். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்த காக்கைகளை "ச்சூ, ச்சூ" என்று விரட்டுகிறாள்.

"நீ எதுக்கும்மா நிக்க? ஒரு வலையப் போட்டு மூடுனா போதும்லா?" என்றேன்.

என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "ஒருத்திய வாரிக் குடுத்துட்டு நிக்கேன். இதையும் காக்காய்க்குக் குடுக்கவா?"

நான் கீழே போய் இன்னொரு குடையை எடுத்துவந்து அம்மா தலைக்குப் பிடித்தேன்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்த ஆமை முப்பது வருஷத்துக்கு மேல்கூட இருக்குமாம். உனக்கு அவ்வளவு கிடைக்கவில்லையே. அதையும் அம்மாவையும் நான் பார்த்துக்கொள்கிறேன், இது சத்தியம். உன்னைப் பார்க்கத்தான், ஏளா, எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

சண்டை போட ஆளில்லாமல் கிடக்கும்,
உன் அக்கா